ஃபெர்ரியை மூடிய அமைச்சர்

1972, ஜனவரி 14

காலை வானொலியில் செய்தி இல்லை. ராணுவ வாத்திய இசை மட்டும். என் மனைவி யூனிஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, "மறுபடியுமா?" என்றாள். சுதந்திரம் வாங்கிய பிறகு இந்த நாட்டில் இது மூன்றாவது ஆட்சிக் கவிழ்ப்பு. முதல் தடவை அவள் அழுதாள். இரண்டாம் தடவை அரிசி வாங்கி வைத்தாள். இந்தத் தடவை, பாலைவனக் காற்று கொண்டுவந்த புழுதியை ஜன்னல் கம்பிகளில் துடைக்கப் போய்விட்டாள்.

நான் வழக்கம்போல் அலுவலகம் போனேன். வரவேண்டாம் என்று எழுத்துப்பூர்வமாக யாரும் சொல்லவில்லை. வாசலில் ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

"நீ யாரு பக்கம்?"

"இரண்டாவது மாடி, இடது பக்கம்" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே விட்டான்.

எங்கள் அமைச்சரை இரவு உடையோடு கூட்டிப் போய்விட்டார்களாம். அவருடைய அறையைப் பூட்டினேன். வெள்ளைக்காரர் காலத்தில் எழுத்தராகச் சேர்ந்து, போக்குவரத்து அமைச்சகத்தின் செயலாளர் ஆனவன் நான். இப்படி எத்தனையோ அமைச்சர்களின் அறையைப் பூட்டியிருக்கிறேன். "அமைச்சர்கள் மழை, பெக்லி. நாம் கூரை" என்று துணைச் செயலாளரிடம் சொன்னேன். சொலமன் பெக்லி நான் தேடிப் பிடித்து வளர்த்த ஆள். உடனே குறித்துக்கொண்டான்.

ஜனவரி 17

ராணுவ முகாமுக்கு வரச் சொல்லி ஜீப் வந்தது. யூனிஸ் ஒரு பையில் இரவு உடை, பைபிள், வயிற்று உப்புசத்துக்கான மருந்து எல்லாம் வைத்துக் கொடுத்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, தியோ" என்றாள். கேட்டதற்கே நான் பதில் சொல்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆட்சியைப் பிடித்த கர்னல் நான் நினைத்ததைவிட இளையவர். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். எதிரே எங்கள் அமைச்சகக் கோப்புகள் குவிந்து கிடந்தன.

"உக்காருங்க, மிஸ்டர் கொக்கர். எல்லாக் கோப்புலயும் உங்க கையெழுத்து இருக்கு. ஒண்ணுலகூட உங்க அபிப்பிராயம் இல்ல."

"நன்றி ஐயா" என்றேன்.

"போன அரசாங்கத்துக்கு நீங்க ஆதரவா எதிர்ப்பான்னு கண்டுபிடிக்க ஒரு லெப்டினென்டையே போட்டேன். அவனுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். இந்த நாட்டுல கறை படியாத ஆளு நீங்க ஒருத்தர்தான். இன்னையிலருந்து நீங்கதான் போக்குவரத்து அமைச்சர்."

இந்த விஷயத்தை எல்லாக் கோணங்களிலும் பரிசீலிக்க அவகாசம் தேவைப்படலாம் என்று ஆரம்பித்தேன். "சம்மதம்னு எடுத்துக்கறேன்" என்று கைகுலுக்கிவிட்டார்.

வீட்டு வாசலிலேயே யூனிஸ் நின்றிருந்தாள். "விட்டுட்டாங்களா?"

"இல்லை. அமைச்சராக்கிவிட்டார்கள்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தப் பதவியை நான் விரும்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜனவரி 19

காரின் முன்னால் கொடி கட்டியிருக்கிறார்கள். சின்னக் கொடிதான். தேவாலயத்துக்கு முன்னால் டிரைவர் மெதுவாக ஓட்டியது அவனாகச் செய்தது. மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் அவனாகத்தான்.

பிப்ரவரி 8

மகாலியிலிருந்து தூதுக்குழு. மகாலி யூனிஸின் சொந்த ஊர். தெம்பே ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் தலைநகரச் சாலையும் இக்கரையில். ஆற்றைக் கடக்க வெள்ளைக்காரர் விட்டுப்போன ஓர் இரும்பு ஃபெர்ரி. அதிலேதான் லாரி, ஆடு, மீன்கூடை, மனிதர் எல்லாம் ஏற வேண்டும். பாலம் வேண்டுமானால் ஆற்றோடு மேலே வெகுதூரத்தில் இருக்கும் மேல்பாலத்துக்குப் போகவேண்டும்.

குழுவுக்குத் தலைமை ஹன்னா, யூனிஸின் தங்கை. அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டில் என்னைத் 'தியோ அத்தான்' என்பவள், அலுவலகத்தில் "மாண்புமிகு அமைச்சர் அவர்களே" என்றாள். பின்னால் நின்ற மீன்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மத்த ஊர்ல எல்லாம் டிக்கெட் வாங்கிட்டு ஃபெர்ரி ஏறுவாங்க. நாங்க ஜெபம் பண்ணிட்டுத்தான் டிக்கெட்டே வாங்கறோம். புதுசு ஒண்ணு குடுங்க."

தருகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர்கள் போனதும் மனுவின் மேல் 'உடனே' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். என் பணிக்காலத்தில் அந்தச் சொல்லை இதற்கு முன் எழுதியிருக்கிறேனா என்று நினைவில்லை.

பிப்ரவரி 21

பெக்லி இப்போது செயலாளர். மனுவைத் திரும்பக் கொண்டுவந்தான். "'உடனே'ன்னா எந்த நிதியாண்டுல ஐயா?" இதைத் தீர்மானிக்க ஒரு துணைக்குழு போட்டிருக்கிறான். அவன் எழுதிய குறிப்பை இரண்டு முறை படித்தேன். எங்கே தொட்டாலும் வழுக்குகிறது. அபாரம்.

மார்ச் 16

ஆறு போக்குவரத்துத் துறைக்கு உட்பட்டதா, நீர்வளத்துறைக்கு உட்பட்டதா என்று துணைக்குழு சட்டத்துறையிடம் கேட்டிருக்கிறது.

"பெக்லி, இது எனக்கு வேண்டும்" என்றேன்.

"நிச்சயமா ஐயா. உங்க விருப்பத்த முழு மரியாதையோட பதிவு பண்ணியாச்சு."

திருப்தியாக எழுந்து வந்தேன். தாழ்வாரத்தில் பாதிதூரம் வந்த பிறகுதான் நினைவு வந்தது, இது என் வாக்கியம். இதைக் கேட்டு எத்தனை அமைச்சர்கள் இதேபோலத் திருப்தியாக இந்தத் தாழ்வாரத்தில் நடந்து போயிருக்கிறார்கள்.

யூனிஸ் இன்று நிலக்கடலைக் குழம்பு வைத்திருந்தாள். உப்பு கூடுதல். சொல்லவில்லை.

ஏப்ரல் 11

மகாலிக்கு நேரில் போனேன். ஃபெர்ரி ஓட்டும் பா ஸோரி சீருடைத் தொப்பி அணிந்து வரவேற்றார். தளத்துக்குக் கீழே இரண்டு பேர் வாளியால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டையா?"

"சேச்சே, இல்லீங்க ஐயா. ஆறு கொஞ்சம் உள்ள வரும். நாங்க திருப்பி அனுப்பிச்சிருவோம்."

"எவ்வளவு காலமாக?"

"என் மூத்த மக பொறந்ததுலருந்து." சிரித்தார். "இப்ப அவ பேத்தி எடுத்துட்டா."

குடை முனையால் தளத்தைத் தட்டிப் பார்த்தேன். குடை உள்ளே போய்விட்டது. பிடுங்கி எடுக்க ஆள் வரவேண்டியிருந்தது.

ஆற்றின் அழகை ரசிப்பதற்காகக் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கடந்தேன். அக்கரையில் பேசினேன், கைதட்டினார்கள். திரும்பும்போது மேல்பாலம் வழியாக வந்தேன். அந்தச் சாலையின் நிலையையும் ஆய்வு செய்வது என் கடமை. பொழுது சாயும்வரை பா ஸோரி தொப்பியோடு எனக்காகக் காத்திருந்தாராம்.

மே 20

மழை தொடங்கிவிட்டது. ஹன்னாவுக்கு டைஃபாய்டு. படுத்த படுக்கை. யூனிஸ் போகவேண்டும் என்கிறாள். மேல்பாலம் வழியாகப் போகக் கார் இருந்தால் சுலபம். ஆனால் அரசு வாகனத்தில் அமைச்சரின் குடும்பத்தினர் தனியே பயணம் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது.

"அந்த விதிய எழுதினது யாரு?"

"நான்தான்."

"அத ஒண்ண மட்டும் தெளிவா எழுதியிருக்கே."

திங்கள்கிழமைக்குள் ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

மே 22

திங்கள். நான் எழுவதற்குள் யூனிஸ் லாரி பிடித்துப் போய்விட்டாள். சமையலறையில் எனக்கு அவித்த முட்டை மூடி வைத்திருந்தது. லாரிக்காரன் மேல்பாலம் வழியாகத்தான் போவான் என்று நினைக்கிறேன்.

நாள் முழுவதும் மழை. தந்தி ஏதும் வந்ததா என்று பார்த்துவர ஆள் அனுப்பினேன். பிறகு தபால் நிலையத்தின் செயல்பாட்டை நேரில் ஆய்வு செய்யலாம் என்று தோன்றியது. போனேன். தபால் நிலையம் என் துறையில் வராது என்பதை போஸ்ட்மாஸ்டர் பணிவாக எடுத்துச் சொன்னார். அங்கேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

மாலையில் தந்தி: 'வந்து சேர்ந்தேன். ஃபெர்ரியில் முழங்கால்வரை தண்ணீர். ஹன்னா தேறுகிறாள்.'

மே 23

காலையில் முதல் வேலையாக மகாலி ஃபெர்ரியை மூட உத்தரவிட்டேன். மறு உத்தரவு வரும்வரை சங்கிலி போட்டுக் கட்டிவைக்க வேண்டும். பெக்லியிடம் நானே எழுதிக் கொடுத்தேன்.

அவன் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "ஐயா... இதுல ஒரு முடிவு இருக்கே."

"இருக்கிறது."

"காரணம்னு என்ன போடட்டும்?"

"நிர்வாகக் காரணம்."

முட்டை நேற்றையது. சாப்பிட முடியவில்லை.

ஜூன் 3

யூனிஸ் மேல்பாலத்தைச் சுற்றி, ஆடு ஏற்றிய லாரியில் வந்து இறங்கினாள். குளித்துவிட்டு வந்துதான் கேட்டாள்.

"ஃபெர்ரிய யாரு மூடச் சொன்னது?"

"அமைச்சகம்."

"ஏன்?"

"நிர்வாகக் காரணம்."

"மகாலிச் சந்தை செத்துப்போச்சு தியோ. மீன் அழுகி நாறுது. பிரசவ வலியோட ஒருத்தியக் கட்டில்ல தூக்கி வச்சு மேல்பாலம் சுத்திக் கொண்டுபோனாங்க. அவளும் பிழைச்சா, குழந்தையும் பிழைச்சுது, உன் புண்ணியத்துல இல்ல. வருஷக்கணக்கா ஓடின ஃபெர்ரி, என்னைக்காவது முழுகியிருக்கா?"

இல்லை என்றேன்.

"ஹன்னா ஒரு சேதி சொல்லியனுப்பினா. இனிமே அவ உடம்பப் பத்தி நீ விசாரிக்க வேண்டாமாம்."

பார்க்க வேண்டிய கோப்புகள் இருந்ததால் நான் படிப்பறையில் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 15

கர்னல் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பேசினார்.

"மகாலிக்காரங்க வானொலி நிலையத்துக்கு முன்னால அழுகின மீனக் கொட்டிட்டுப் போயிட்டாங்க. எதுக்கய்யா மூடினீங்க? விபத்து ஏதாவது நடந்துதா?"

"நடக்கக்கூடாது என்றுதான் மூடினேன்."

"நடக்கலியே!"

"மூடியிருப்பதால் நடக்கவில்லை."

"நடக்காததுக்கு என்ன சாட்சி?"

ஃபெர்ரியைத் திறந்துவிடச் சொன்னார். முதல் உத்தரவைத் தர எனக்குக் காரணம் இருந்தது, இரண்டாவதைத் தரக் காரணம் இல்லை என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்ததா என்பதுபோலப் பார்த்தார். நானும் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன்.

ஜூன் 16

பகல் செய்தியில் என்னைப் பதவிநீக்கம் செய்தார்கள். 'அவசரப்பட்டு முடிவெடுக்கும் போக்கு' காரணமாம்.

புதிய அமைச்சர் சொலமன் பெக்லி. வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் கூட்டத்தில் இருந்தார்.

ஜூன் 25

தேவாலயத்தில் முன்வரிசையில் எங்கள் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நன்றாகக் கால் நீட்டிக்கொள்ள முடிந்தது. டாக்ஸி டிரைவர்கள் தேவாலயத்துக்கு முன்னால் மெதுவாக ஓட்டுவதில்லை.

ஜூலை 14

அமைச்சர் பெக்லி அவர்கள் ஃபெர்ரிக்குத் தேசியக்கொடியின் நிறங்களில் பெயின்ட் அடிக்கிறாராம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மறுதிறப்பு விழா. பேண்டு வாத்தியம், கம்பளம், முதல் பயணத்தில் மகாலிப் பள்ளிக் குழந்தைகளின் சேர்ந்திசை. குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது ஹன்னா. யூனிஸ் செய்தித்தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 21

அமைச்சகத்துக்குப் போனேன். பார்வையாளர் பெஞ்சு இவ்வளவு ஒடுக்கமானது என்று தெரியாது. அதை வாங்க ஒப்புதல் கொடுத்தவன் நான்தான்.

மதியத்துக்குமேல் அமைச்சர் தம் ஆட்களோடு வெளியே வந்தார். எழுந்து வழியை மறித்து நின்றேன்.

"பெக்லி, பெயின்ட் அடித்தால் ஓட்டை அடைபடாது. குழந்தைகளை ஏற்றாதீர்கள். அந்த ஃபெர்ரி மூழ்கும்."

தாழ்வாரத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு கணம், என்னிடம் முதல்நாள் வேலைக்கு வந்த அந்த இளைஞன் தெரிந்தான். பிறகு போய்விட்டான்.

"உங்க கருத்த முழு மரியாதையோட பதிவு பண்ணிக்கறோம் ஐயா" என்றார். ஓர் எழுத்தர் நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 4

மூழ்கிவிட்டது.

நாளைய விழாவுக்காக இன்று மத்தியானம் மேடைப் பலகைகளையும் நாற்காலிகளையும் பேண்டுக்காரர்களின் கருவிகளையும் ஏற்றியிருக்கிறார்கள். கரையோடு கட்டியிருந்த நிலையிலேயே ஃபெர்ரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெருமூச்சு விடுவதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டதாம். பெரிய முரசு மட்டும் மிதந்து போனது. ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

யூனிஸ் செய்தி கேட்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். "நாளைக்கு... பிள்ளைங்க..." என்றாள். நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

அடுத்த செய்தியில் இது நாசவேலை என்றார்கள்.

ஆகஸ்ட் 23

நான்காம் தேதி மாலையே என்னைக் கைது செய்து கூட்டி வந்துவிட்டார்கள். இப்போது யூனிஸ் கொடுத்தனுப்பிய தாளில் எழுதுகிறேன். அறை சுத்தமாகத்தான் இருக்கிறது. மரவள்ளிக் கீரைக் கறி தினமும்.

விசாரிப்பவர் ஒரு கேப்டன். மரியாதை தெரிந்த பிள்ளை.

"ஃபெர்ரி முழுகும்னு உங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"

"என் குடை உள்ளே போனது."

"கேலி வேண்டாம் ஐயா. மத்தவங்க யாருக்கும் தெரியல. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. முழுக வச்ச ஆளுக்குத்தானே முன்னாடியே தெரியும்? பதினொரு பேர் சாட்சி சொல்லியிருக்காங்க, நீங்க தாழ்வாரத்துல நின்னு சொன்னத."

ஆயுள் முழுவதும் என் கருத்துக்கு ஒரு சாட்சிகூட இருந்ததில்லை.

ஆகஸ்ட் 29

கேப்டன் இன்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, என் அப்பா வயசு உங்களுக்கு. ஒரு வழி சொல்றேன். நீங்க சொன்னது பொதுவா சொன்ன பேச்சு, எந்தக் கப்பலும் என்னைக்காவது முழுகலாம்ங்கிற அர்த்தத்துலதான் சொன்னேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

பேனாவை வாங்கினேன். இதைவிட நல்ல வாக்கியம் எனக்கு வரும். மூழ்குதலின் சாத்தியக்கூறு முற்றிலும் விலக்கப்படவில்லை என்ற பொருளில்... கை தானாகவே ஓடத் தயாராக இருந்தது. ஆனால் மனதில் அந்தச் சேர்ந்திசைக் குழந்தைகள் வரிசையாக வந்து நின்றார்கள். வெள்ளைக் காலுறையோடு.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "மூழ்கும் என்றுதான் சொன்னேன். மூழ்கியது."

"இது உங்களுக்கு நல்லதில்ல ஐயா."

"தெரியும்."

பயமாகத்தான் இருக்கிறது. உப்புச மருந்து தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 10

யூனிஸைப் பார்க்க விட்டார்கள். பேன்கேக் கொண்டுவந்திருந்தாள். என் வழக்கு அமைச்சர் பெக்லியின் மேஜையில் இருக்கிறதாம். அவருடைய பரிந்துரை வந்தால்தான் கர்னல் முடிவெடுப்பாராம். எனக்குப் புரிந்துவிட்டது. பெக்லி பரிந்துரை எழுதவே மாட்டார். நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

"ஹன்னா தினமும் ஜெபத்துல உன் பேரச் சொல்றாளாம்" என்றாள் யூனிஸ்.

"நல்லதாகவா, கெட்டதாகவா?"

"கேக்கல."

போகும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். காலர் சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 26

கர்னலே வந்தார். இளைத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை.

"கொக்கர், உங்களத் தண்டிச்சா, எச்சரிச்சவர உள்ள போட்டுட்டு அந்தப் பழசுல ஏன் பிள்ளைங்கள ஏத்தப் பாத்தேன்னு ஊர் என்னைக் கேக்கும். விடுதலை பண்ணினா, அப்ப நாசவேலை பண்ணினது யாருன்னு கேக்கும். உங்க பெக்லியக் கேட்டா, ரெண்டு பக்கமும் நல்ல வாதம் இருக்குங்கிறார்."

"அவர் எப்போதும் அப்படித்தான்."

"அதனால ஒண்ணு பண்றேன். உங்களத் தலைநகரத்த விட்டு மகாலிக்கு வெளியேத்தறேன். அந்த மாவட்ட எல்லையத் தாண்டக்கூடாது. நீங்க மூடின ஆத்துக்கு அந்தப்பக்கமே இருங்க."

தண்டனை என்றுதான் சொன்னார். பார்க்க வந்த யூனிஸிடம் சொன்னதும், "சாமான் எல்லாம் கட்டணுமே" என்று எழுந்து போனாள். பாடிக்கொண்டே கட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியனுப்பினாள்.

அக்டோபர் 3

புது ஃபெர்ரி பரிசீலனையில் இருப்பதால் நீள வள்ளத்தில் ஆற்றைக் கடந்தோம். பா ஸோரிதான் துடுப்பு போட்டார், அதே தொப்பியோடு. பெட்டிகள், தையல் இயந்திரம், நாங்கள் இருவர், பின்னால் ஒரு மீன்காரப் பெண். அக்கரையில் ஹன்னா நின்றிருந்தாள். தூரத்தில் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

கரையை ஒட்டி, தண்ணீருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த ஃபெர்ரியின் பச்சைக் கைப்பிடிக் கம்பியைத் தாண்டிப் போனோம். அதன்மேல் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது.

"தியோ" என்றாள் யூனிஸ். "இப்ப நீ அமைச்சரும் இல்ல, செயலாளரும் இல்ல. இப்பவாவது சொல்லு. எதுக்கு மூடினே?"

"பல காரணங்கள் இருந்தன. இரும்பின் நிலை, மழைக்காலம், பயணிகளின்..."

"தியோ."

பா ஸோரி துடுப்பை நிறுத்தவில்லை, ஆனால் மெதுவாகப் போட்டார்.

"உன் தந்தி வந்தது" என்றேன். "முழங்கால்வரை என்று போட்டிருந்தாய்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆற்றில் சாரல் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"இடுப்புவரைக்கும்" என்றாள். "நீ பயந்துடுவேன்னுதான் முழங்கால்னு போட்டேன்."